வெண்மை வேறு, வெறுமை வேறு: இணையத்தளப் படங்களின் ஊடுகாட்டும் தன்மை பற்றிய ஒரு பாடம்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தொல்காப்பியத்தைப் பற்றியோ கம்பநாடரைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியர் ஒருவரிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆயினும், விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு ஓர் இணையத்தளம் அமைக்கும் பணி தொடங்கிய வேளையிலே கணினிப்பாட ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தமையால், மாணவர் குழுவை மேற்பார்வை செய்யும் பொறுப்பு எம்மை வந்தடைந்தது. தளத்தின் தமிழைத் திருத்துவதே எம் வேலை என்று கருதிக் கணினியறைக்குட் புகுந்த யாம், மூன்று மாதங் கழித்து வேறொரு பாடத்தையுங் கற்று வெளிவந்தோம். அப்பாடத்தையே இங்கு எழுதுகின்றோம். இன்று கணினியின் முன் அமரும் மாணவர்க்கும், சங்கக் கிளைகளின் பக்கங்களையும் விழா அழைப்பிதழ்களையும் தம் வீட்டிலிருந்தே ஆக்கும் பழைய மாணவர்க்கும் இது பயன்படும் என்பது எம் நம்பிக்கை.

1. வெள்ளைப் பெட்டி

தளத்தின் முகப்புக்குத் தேயிலை முற்றிலையின் கரும்பச்சையைப் பின்னணியாக மாணவர் தெரிந்தெடுத்தனர். அதன்மேற் கல்லூரி இலச்சினையை வைத்தனர். வட்டமான இலச்சினை வட்டமாகத் தோன்றவில்லை. வெள்ளைச் சதுரம் ஒன்றின் நடுவே குத்திய முத்திரை போலத் தோன்றிற்று. அன்று மாலைக்குள் ஐந்து மாணவர் ஐந்து வழிகளால் அதனைத் திருத்த முயன்றனர்.

ஒருவன் கோப்பின் பெயரீற்றில் இருந்த 'ஜேபிஜி' என்பதை நீக்கிப் 'பிஎன்ஜி' என எழுதினான், பெட்டி அசையவில்லை. இரண்டாமவன் அதே இலச்சினையை இணையத்திலே தேடி எடுத்தான். சதுரங்கப் பலகை போன்ற சாம்பற் கட்டங்கள் அதனோடு ஒட்டியே வந்தன. மூன்றாமவன் வெண்மை அனைத்தையும் ஒரே சொடுக்கில் அழித்தான். பெட்டி போயிற்று, இலச்சினையின் நடுவிலிருந்த வெண்டாமரையும் உடன் போயிற்று. நான்காமவன் சுற்றுவட்டத்தை மட்டும் வெட்டியெடுத்தான். ஓரமெங்கும் பனிப்பூ உறைந்தாற்போல ஒரு வெள்ளை விளிம்பு எஞ்சிற்று. ஐந்தாமவன் பக்கத்தின் கட்டளைகளுட் புகுந்து இலச்சினைப் பகுதியின் செறிவைக் குறைத்தான்; பெட்டி மங்கிற்று, இலச்சினையும் அதன்கீழ் இருந்த குறிக்கோள் வாக்கியமுங் கூட மங்கின.

இவை ஐந்தும் வெவ்வேறு பிழைகள். எனினும் அவற்றின் அடியிற் கிடந்த மயக்கம் ஒன்றே. ஊடுகாட்டும் தன்மையை ஒரு நிறமென்றும், அந்நிறம் வெள்ளையென்றும் மாணவர் கருதியிருந்தனர். யாமும் அவ்வாறே கருதியிருந்தோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

2. நான்காவது எண்

கணினித் திரையிற் காணும் நிழற்படம், பிக்சல் எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவு மூன்று எண்களாகக் குறிக்கப்படும். பெரும்பாலான படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை செல்லும். மூன்றும் 0 ஆயிற் கறுப்பு. மூன்றும் 255 ஆயின் வெள்ளை. ஆகவே கணினிக்கு வெள்ளை என்பது நிறமில்லாமை ஆகாது. மூன்று ஒளிகளும் நிரம்பிய நிலையே வெள்ளை. இம்மூன்று எண்களாலும் 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். இத்தனை நிறங்களுள் ஒன்றேனும் 'இவ்விடத்தில் ஒன்றுமில்லை. பின்னாலிருப்பதைக் காட்டுக' என்று கூறவல்லதன்று.

அதனைக் கூறுதற்கு நான்காவது எண் ஒன்று வேண்டும். 1977ஆம் ஆண்டளவில் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணிபுரிந்த எட் கட்மல், அல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் அதனைப் படத்தோடு பிணைத்து 'அல்பா' எனப் பெயரிட்டனர். இரு படங்களைக் கலக்கும் வாய்பாட்டில் வழங்கிய கிரேக்க எழுத்தின் பெயரே அது. 1984இல் தொமஸ் போர்ட்டர், டொம் டஃப் ஆகியோர் ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைக்கும் கணக்கை முறைப்படுத்தி வெளியிட்டனர். இன்றும் ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு படந்திருத்தும் மென்பொருளும் அக்கணக்கின்வழியே இயங்குகின்றன.

கணக்கு எளிது. மேற்படத்தின் எண்ணை அல்பாப் பின்னத்தாற் பெருக்குக. ஒன்றிலிருந்து அப்பின்னத்தைக் கழித்து, எஞ்சியதாற் பின்னணியின் எண்ணைப் பெருக்குக. இரண்டையுங் கூட்டுக. மேற்படத்தின் எண் 200, பின்னணியின் எண் 40, அல்பா கால் எனக் கொள்வோம். 200இன் கால் 50. 40இன் முக்கால் 30. திரையிலே தோன்றுவது 80.

நம் விஞ்ஞானப் பாடநூல்கள் பொருள்களை ஊடுகாட்டுவன, ஒளி கசிவன, ஒளிபுகாதன என மூன்றாக வகுக்கும். அல்பா 0 ஆயின் அப்புள்ளி ஊடுகாட்டும். 255 ஆயின் ஒளிபுகாது. இடைப்பட்டன யாவும் ஒளி கசிவன. இந்த இடைப்பட்ட நிலைகளே படத்தின் அழகைக் காப்பன. தமிழ் மாணவர்க்கு இது புதிய கருத்தன்று. நம் இலக்கண நூலார் எழுத்தை ஒலிப்பது, ஒலிக்காதது என இரண்டாக வெட்டிவிடவில்லை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என அளந்தனர். குற்றியலுகரத்தை முழு உகரமாக ஒலித்தாலுஞ் செவிக்கு இடர். அறவே விட்டாலும் இடர். படத்தின் விளிம்பிலுள்ள அரைப்புள்ளிகளும் அத்தகையனவே.

3. துளைத்தகடும் மூடுபனியும்

எல்லாக் கோப்பு வகைகளும் இந்த நான்காவது எண்ணை ஏற்பனவல்ல. கோப்புவகையின் இயல்பை அறியாது மருந்து தேடுவது வீண்.

நிழற்படங்களுக்குப் பெரிதும் வழங்கும் ஜேபெக், 1992இல் நியமமாக வெளியிடப்பட்டது. அது மூன்று எண்களுக்கு மேல் அறியாது. ஊடுகாட்டும் படம் ஒன்றை ஜேபெக்காகச் சேமித்தால், வெறுமையான இடங்களை மென்பொருள் ஏதேனும் ஒரு நிறத்தால் நிரப்பிவிடும். அந்நிறம் பெரும்பாலும் வெள்ளை, சிலவற்றிற் கறுப்பு. அந்நிரப்பலைப் பின்னர் மீட்டல் இயலாது.

கொம்பியூசேர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஜிஃப் வகை, ஒரு படத்துக்கு 256 நிறங்களே கொள்ளும். 1989இல் வந்த திருத்தம் அந்நிறங்களுள் ஒன்றை 'இல்லாத நிறம்' எனக் குறிக்க இடந்தந்தது. இதன் இயல்பை விளக்க எம் மாணவர்க்குத் தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்காட்டினோம். முன்னாளிற் பலகைப் பெட்டிகளிலே தேயிலையை அடைத்தபொழுது, தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் தரத்தையும் துளைத்தகடு வைத்து மையிட்டு எழுதினர். தகட்டிலே துளை உள்ள இடத்தில் மை இறங்கும். இல்லாத இடத்தில் இறங்காது. இடைநிலை கிடையாது. ஜிஃப் கோப்பின் ஊடுகாட்டும் தன்மை இத்துளைத்தகடு போன்றது.

மூன்றாவது பி.என்.ஜி. வகை. ஜிஃப் கோப்புகளைச் சுருக்கும் முறைக்கு உரிமப் பணம் கோரப்படும் என்ற அறிவித்தல் 1994ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அதனால் உந்தப்பட்டுப் பலர் இணையவழியே கூடி, எவர்க்கும் உரிமப் பணம் வேண்டாத புதிய வகையொன்றை 1995இல் ஆக்கத் தொடங்கினர். அது 1996 ஒக்டோபர் 1ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி அல்பா எண் வைக்கலாம். இதனை விளக்கத் தொழிற்சாலைக்குட் செல்லவேண்டியதில்லை. சன்னலைத் திறந்தாற் போதும். ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் சாலையில், மூடுபனி இறங்கும் காலை நேரத்தைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அருகிலுள்ள தேயிலைச் செடி முழுதுந் தெரியும். அடுத்த நிரை மங்கலாகத் தெரியும். அதற்கப்பால் உள்ள லயத்தின் கூரை உண்டோ இல்லையோ என ஐயுறத் தோன்றும். மலை மறைந்தே போகும். ஒரே பனி, இடத்துக்கிடம் வேறு வேறு செறிவு. பி.என்.ஜி. கோப்பின் அல்பா இப்பனி போன்றது.

தகட்டுக்கும் பனிக்கும் உள்ள வேறுபாடு தமிழுக்கு எத்துணை முதன்மையானது என்பதை யாம் எம் கண்ணாற் கண்டோம். ஒரு மாணவன் குறிக்கோள் வாக்கியத்தையும் படமாகவே ஆக்கி, கைபேசிக்கெனச் சிறிதாக்கி, ஜிஃப் கோப்பாகச் சேமித்திருந்தான். எழுத்துகள் நின்றன, மெய்யெழுத்துகளின் தலையிலிருந்த புள்ளிகள் சில மறைந்தன. காரணம் இது. அவ்வளவு சிறிய அளவிலே ஒரு புள்ளி முழுவதும் அரைச்செறிவுடைய படப்புள்ளிகளாலேயே ஆகும். துளைத்தகடு அரையை அறியாது. அவற்றை 'இல்லை' என்று தள்ளிவிட்டது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்த விதியை ஒரு கோப்பு வகை மீறிற்று. 'கல்வி' என்னுஞ் சொல்லிற் புள்ளி ஒழிந்தால் எஞ்சுவது யாது என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்; கல்லூரி மலரில் அதனை எழுதாது விடுகின்றோம். அன்று முதல், எழுத்தை எழுத்தாகவே யூனிக்கோட்டிற் பதிப்பது, படமாக்கிப் பதிப்பதில்லை என்பது எம் குழுவின் சட்டமாயிற்று.

4. நோய்முதல் நாடும் முறை

மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியைப் பின்னரே தேடுமாறு வைத்தியனுக்கு வள்ளுவர் முறை வகுத்தார். எம் மாணவர் முதலில் மருந்தைத் தேடினர். யாம் பின்னர் வகுத்த ஒழுங்கைக் கீழே தருகின்றோம். முறை மாறாது சென்றால் நேரம் வீணாகாது.

முதலாவது, குற்றம் கோப்பிலா, பக்கத்திலா எனத் துணிக. பக்கத்தின் பின்னணியைச் சிறிது நேரம் கடுஞ் சிவப்பாக்கி, அதன்மேற் படத்தை மட்டும் வைத்துப் பார்க்கவேண்டும். பெட்டி இருந்தாற் குற்றம் பெரும்பாலும் கோப்பினுடையது. பெட்டி மறைந்தால், முன்பு படத்தைச் சூழ்ந்திருந்த பகுதிக்கோ படத்துக்கோ எவரோ வெண்பின்னணி கட்டளையிட்டிருக்கின்றனர், கோப்பைத் தொடவேண்டியதில்லை.

இரண்டாவது, கோப்பு தன் பெயருக்கு உரியதா எனக் காண்க. பெயரீற்றை மாற்றுவதால் வகை மாறாது. பெயரை மாற்றியதால் ஆள் மாறாதவாறு போல. உண்மையான பி.என்.ஜி. கோப்பு 137, 80, 78, 71 என்னும் எண்களோடு தொடங்கும். பின் மூன்றும் அவ்வகையின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு உரியவை. ஜேபெக் கோப்பு 255, 216 என்று தொடங்கும். எம் முதல் மாணவன் செய்தது பெயர்மாற்றமே.

மூன்றாவது, கோப்பு வந்த வழியை விசாரிக்க. பழைய மாணவர் ஒருவர் நல்ல பி.என்.ஜி. கோப்பையே எமக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதிற் படமாக அனுப்பப்படுவது சுருக்கப்பட்டு ஜேபெக்காகவே வந்து சேரும். நான்காவது எண் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினாற் சேதமின்றி வரும். இணையத் தேடலிற் கிடைக்கும் சதுரங்கக் கட்டப் படங்களும் இவ்விடத்தில் ஆராயத்தக்கன. கட்டங்கள் என்பன 'இங்கே வெறுமை' எனக் காட்டப் படந்திருத்தும் மென்பொருள்கள் வழங்கும் அடையாளம் மட்டுமே. திரையிற் கண்ட அவ்வடையாளத்தைப் படமெடுத்துப் பரப்பினால், வெறுமைக்குரிய குறி நிறமாகிவிடுகின்றது.

நான்காவது, மென்பொருளுள் அல்பாத் தடம் உண்டா எனக் காண்க. கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து அழிப்பானால் அழித்தால், அழிந்த இடம் பின்னணி நிறமாக மாறுமேயன்றி வெறுமையாகாது. அப்படத்துக்கு நான்காவது எண்ணே இல்லாமையே காரணம். 'லேயர்' என்னும் பட்டியலின்கீழ் 'ட்ரான்ஸ்பேரன்சி' என்பதைத் தெரிந்து, 'ஆட் அல்பா சனல்' என்பதைச் சொடுக்கியபின் அழித்தாற் கட்டங்கள் தோன்றும். வேலை முடிந்தபின் 'சேவ்' என்பது கிம்ப்புக்கு உரிய கோப்பையே தரும், பி.என்.ஜி. வேண்டின் 'எக்ஸ்போர்ட்' என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாவது, விளிம்பைக் கருதுக. வெள்ளைத் தாளில் இருந்த கறுப்பு வட்டத்தை வெட்டியெடுத்தால் ஏன் வெண்விளிம்பு எஞ்சுகின்றது? வட்டத்தின் ஓரப் புள்ளி ஒன்றிற் பாதி கறுப்பு, பாதி தாள் எனக் கொள்வோம். கறுப்பின் எண் 0, தாளின் எண் 255. இரண்டும் கலந்து ஏறக்குறைய 128 என்னும் சாம்பலாக அப்புள்ளி உறைந்துவிட்டது. பச்சையெண் 60 உள்ள கரும்பின்னணியில் அப்புள்ளிக்கு உரிய சரியான பச்சையெண் 30. யாம் வைப்பதோ 128. அதுவே பனிப்பூப் போல ஒளிர்கின்றது. ஆகவே விளிம்பு கறைபட்ட படத்தை இன்னும் வெட்டுவதிற் பயனில்லை. கலந்துவிட்ட வெண்மையைக் கணக்கிட்டுப் பிரித்தல் வேண்டும். கிம்ப்பில் 'கலர் ரு அல்பா' என்னும் கருவி அதனைச் செய்யும். ஒரே மையால் அமைந்த முத்திரை, கையொப்பம், கோட்டோவியம் ஆகியவற்றுக்கு அது மிக நன்று. வெண்மை தன்னுள்ளே பொருளோடு அமைந்த படத்துக்கு அது நஞ்சு.

ஆறாவது, பக்கத்தின் கட்டளையைக் காண்க. 'ஒப்பாசிற்றி' என்னும் கட்டளையை ஒரு பகுதிக்கு இட்டால், அதனுள் அடங்கிய எழுத்து, படம் அனைத்தும் சேர்ந்தே மங்கும். பின்னணி மட்டும் மங்கவேண்டின், பின்னணி நிறத்துக்கே அல்பா எண் கொடுக்க வேண்டும். திருத்திய பின்னும் பழைய படமே தோன்றினால் உலாவி முன்பு சேமித்த பிரதியைக் காட்டுகின்றது என்க. புதுக் கோப்புக்குப் புதுப் பெயரிட்டால் ஐயந் தீரும்.

பழைய தளங்களைப் பேணும் அன்பர்க்கு ஒரு குறிப்பு. 2001இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6ஆம் பதிப்பு, பி.என்.ஜி. கோப்பின் அரைச்செறிவுகளை ஒழுங்காகக் காட்டாது. 2006இல் வந்த 7ஆம் பதிப்பே அக்குறையைத் தீர்த்தது. அக்காலத்தில் அதற்கென எழுதிய சூழ்ச்சிக் கட்டளைகள் சில தளங்களில் இன்னும் எஞ்சியிருக்கலாம். அவ்வுலாவியே ஓய்வு பெற்றுவிட்டமையால் அவற்றைத் தயங்காது நீக்கலாம்.

இலச்சினை போன்ற கோட்டுருவங்களுக்கு, 2001இல் பரிந்துரையாக வந்த எஸ்.வி.ஜி. வகை சாலச் சிறந்தது. அது புள்ளிகளைச் சேமிக்காது கோடுகளின் இலக்கணத்தைச் சேமிப்பதால் எவ்வளவு பெருக்கினும் சிதையாது. நிழற்படத்துக்கு ஊடுகாட்டும் தன்மை வேண்டின், பி.என்.ஜி. கோப்பு மிகப் பருத்துவிடும். 2010இற் கூகிள் அறிமுகஞ்செய்த வெப்பி வகை அதே பணியைச் சிறிய அளவில் ஆற்றும். தோட்ட லயத்திலே, குறைந்த அலைவலுவில், பணங்கொடுத்து வாங்கிய தரவைக் கொண்டு நம் பக்கத்தைத் திறக்கும் பெற்றோரை நினைப்பவர்க்கு இஃது அற்ப விடயமன்று.

5. வெள்ளைச் சேலை

இதுவரை கூறியது தொழில். இனிக் கூறுவது யாம் செய்த தவறு.

தளத்திலே 'எம்மைப் பள்ளிக்கு அனுப்பியோர்' என ஒரு பக்கம் வகுத்தோம். பழைய மாணவர் தம் பெற்றோரின் படங்களை அனுப்பினர். ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர் தம் தாயாரின் படத்தை அனுப்பினார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து கொய்து, கணவரை இழந்தபின் தனியாளாக மகனைப் படிக்கவைத்த தாயார் அவர். 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர்க் குடியுரிமை விண்ணப்பத்துக்கென எடுத்த அந்தப் படத்தைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. வெளிறிய திரைச்சீலையின் முன்னே, வெள்ளைச் சேலையை முக்காடிட்டு, புகைப்படக் கருவியை நேரே நோக்கியபடி அமர்ந்திருந்தார்.

எம் மாணவர் வழக்கம்போல வெண்மையைத் தெரிந்து அழித்தனர். யாம் அன்று விடைத்தாள்களோடு இருந்தமையாற் படத்தைப் பாராமலே பக்கத்தை வெளியிட இசைந்தோம். இரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலிற் சினமில்லை. "சேர், படம் வந்திருக்கு. ஆனா அம்மாவோட சேலையக் காணோமே" என்றார். திறந்து பார்த்தோம். கரும்பச்சையின் நடுவே ஒரு முகம் மட்டும் மிதந்தது.

நிறத்தை மட்டும் பார்க்கும் கருவிக்குத் திரைச்சீலையின் வெண்மையும் கைம்பெண்ணின் சேலை வெண்மையும் ஒன்றே. எது பின்னணி, எது ஆள் என்பதை அது அறியாது. அறிதல் மனிதர் கடன். யாம் அக்கடனை ஆற்றத் தவறினோம். ஒரு தாய் தன் கைம்மையை உடுத்தி அமர்ந்திருந்த ஆடையை வெறுமையெனக் கொண்டு களைந்துவிட்டோம்.

மறுநாளே பக்கத்தை நீக்கினோம். பழைய மாணவரிடம் மூலப்படத்தையே இரவல் பெற்று, வருடியில் உயர்ந்த நுணுக்கத்திற் பதிந்தோம். இம்முறை எதனையும் அழிக்கவில்லை. மூலப்படலத்தின்மேல் 'லேயர் மாஸ்க்' எனப்படும் மறைப்புத்திரையை இட்டோம். அத்திரையிலே வெள்ளை பூசிய இடம் தெரியும். கறுப்புப் பூசிய இடம் மறையும். சாம்பல் பூசிய இடம் அதன் அளவுக்கேற்பக் கசியும். தவறினால் மீண்டும் வெள்ளை பூசலாம், மூலம் கெடாது. சேலையின் ஓரத்தைக் கோட்டுக்கருவியால் வரைந்து, நுதலில் வெளிப்பட்ட நரைமயிர்களை மெல்லிய சாம்பற் தூரிகையாற் காத்தோம். இவ்வேலையைச் செய்த பதினோராந் தர மாணவனின் பாட்டி அதே போல முக்காடிடுபவர். எந்த மடிப்பு எங்கே விழும் என்பதை அவன் அறிந்திருந்தான். மூன்று மாலைகள் சென்றன. முடிந்தபின் படத்தை வெள்ளை, கறுப்பு, பச்சை என்னும் மூன்று பின்னணிகளிலும் வைத்துச் சோதித்தோம்.

அதன்பின் ஒரு கேள்வியை எமக்குள்ளே எழுப்பினோம். இப்படத்தை வெட்டத்தான் வேண்டுமா? முகப்பின் வரிசைக்கு வெட்டிய படம் பொருந்தியது. ஆனால் அம்மையார்க்குரிய பக்கத்திலே, திரைச்சீலையோடும் மூலையிலிருந்த மடிப்போடும் முழுப்படத்தையே சட்டகமிட்டு வைத்தோம். 2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்தபொழுது, பழைய படங்கள் பல வெளிவந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் நம்மவர் ஆவணங்களைப் பேணி வருகின்றது. நம் முன்னோர்க்குப் படங்கள் சிலவே உண்டு. ஆகவே ஊடுகாட்டும் தன்மை பற்றிய முதற் கேள்வி, அது வேண்டுமா என்பதே.

6. மறைத்தல் அழித்தலாகாது

அதே படத்திலிருந்து மற்றொரு பாடமுங் கிடைத்தது. அட்டையின் கீழ்விளிம்பில் விண்ணப்ப இலக்கமொன்று மையால் எழுதப்பட்டிருந்தது. முதன்முறை வெட்டியபொழுது ஒரு மாணவன் அதனை அழிப்பானால் அழித்தான். திரையில் அது மறைந்தது. கிம்ப்பின் அழிப்பானிலே 'அன்ரி இரேஸ்' என்றொரு நிலை உண்டு. அதனைத் தெரிந்து அவ்விடத்தைத் தடவிக் காட்டினோம். இலக்கம் ஓரெழுத்துங் குறையாமல் மீண்டது. அல்பா 0 ஆகும்போது புள்ளி மறைகின்றதேயன்றி, அதன் சிவப்பு, பச்சை, நீல எண்கள் உள்ளேயே கிடத்தல் கூடும். பி.என்.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்யும்பொழுது, ஊடுகாட்டும் புள்ளிகளின் நிறத்தையுஞ் சேமிக்கவேண்டுமா என்று கிம்ப் வினவும். இரகசியம் உள்ள படமாயின் அத்தெரிவை நீக்கிவிடல் வேண்டும்.

2023 மார்ச்சிற் கூகிள் பிக்சல் கைபேசிகளின் படந்திருத்தும் கருவியில் இதனோடொத்த குறை ஒன்று வெளிப்பட்டது. வெட்டிச் சேமித்த பி.என்.ஜி. படங்களின் கோப்பீற்றில், வெட்டுண்ட பகுதியின் தரவு எஞ்சியிருந்தது. வல்லுநர் அதனை ஓரளவு மீட்டுக்காட்டினர். அடையாள அட்டை இலக்கம், முகவரி, பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றைப் படத்தில் மறைக்க விரும்புவோர், அவ்விடத்தின்மேல் ஒளிபுகா நிறத்தைப் பூசி, படலங்களை ஒன்றாக்கி, புதிய கோப்பாகவே வெளியிடுவாராக.

7. மாணவர்க்குப் பயிற்சி

(அ) ஒரு படப்புள்ளியின் சிவப்பெண் 240, பின்னணியின் சிவப்பெண் 80, அல்பா அரை. திரையிலே தோன்றும் சிவப்பெண் யாது?

(ஆ) உமது வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுத்து, அதிலே வெண்மையாக இருப்பவற்றை நிரற்படுத்துக. அவற்றுள் எவை பின்னணி, எவை ஆளுக்கு உரியவை என்பதை வீட்டுப் பெரியாரிடம் கேட்டு எழுதுக.

(இ) 'கல்வி', 'பள்ளி', 'கொழுந்து' என்னும் சொற்களைச் சிறிய படமாக்கி, ஜிஃப் ஆகவும் பி.என்.ஜி. ஆகவும் சேமித்து, புள்ளிகளை எண்ணுக.

முதலாவதன் விடை 160. இரண்டாவதற்கு எந்த மென்பொருளும் விடை தராது.

அப்பழைய மாணவர் விழாவன்று கல்லூரிக்கு வந்திருந்தார். கணினியறைக்குட் சென்று, அந்தப் பதினோராந் தர மாணவனின் அருகில் அமர்ந்து, தாயாரின் படத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்பு தம் பையிலிருந்து தாளிற் சுற்றிய மற்றொரு பழம்படத்தை எடுத்து, "இது எங்க அப்பா, வேட்டி கட்டியிருக்காரு, பாத்துச் செய் தம்பி" என்று அவனிடங் கொடுத்தார்.

அவன் முதலில் மூலப்படத்தின் பிரதியொன்றை எடுத்து வைத்தான். அதன்பின்னரே வேலையைத் தொடங்கினான்.

வாழ்க நம் கல்லூரி.